தள்ளி வைத்த தவணை

2009 ஜூன் 15, திங்கட்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விட்டார்கள்; நான்கு குடம் பிடித்தேன். அம்மா கடலைக் கொல்லைக்குக் களை எடுக்கப் போக வேண்டியிருந்ததால் ஏழு மணிக்குள் சோறு வடித்துவிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு. அப்பாவின் சட்டைக்குப் பித்தான் ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டு எட்டு இருபது பேருந்தில் கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினேன்.

கைப்பையில் மூன்று தாள்கள் இருந்தன. கல்விக் கடன் தவணையைத் தள்ளி வைக்கக் கேட்கும் விண்ணப்பம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையின் நகல், எனக்கு எந்த வேலையும் வருமானமும் இல்லை என்று நானே எழுதிய உறுதிமொழி. விண்ணப்பத்தின் அடியில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் இடது பெருவிரல் ரேகை. கடன் என் பெயரிலும் அவர் பெயரிலும் சேர்த்து வாங்கியது. அவர் ரேகை இல்லாமல் எந்தத் தாளும் செல்லாது.

முந்தைய ஆண்டு மே மாதம் சேலத்தில் எம்.சி.ஏ. முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிக்கும்போதே சென்னையில் ஒரு கம்பெனி என்னைத் தேர்ந்தெடுத்து உத்தரவும் கொடுத்திருந்தது. செப்டம்பரில் வந்து சேரச் சொன்னார்கள். பிறகு ஜனவரி என்றார்கள். ஜனவரியில், பின்னர் தெரிவிக்கிறோம் என்றார்கள். அந்த வருடம் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆனால் படிப்பு முடிந்து ஓராண்டு ஆனால் தவணை கட்டத் தொடங்க வேண்டும் என்பது வங்கியின் விதி. அந்த ஓராண்டு முடிந்துவிட்டது.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி தாள்களை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். ஆறு மாதத்துக்குத் தவணையைத் தள்ளி வைக்கலாம், அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மறுபடி எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வட்டி நிற்காது, அது ஏறிக்கொண்டே போகும் என்றார். நான் புரிந்துகொண்டேனா என்று கேட்டார். புரிந்தது என்றேன். அனுமதிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒன்று பத்துக்கு வெளியே வந்தேன்.

ஊருக்கு வந்து இறங்கியபோது இரண்டரை மணி. நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் அப்பா நான்கு பேரோடு உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார் என்பது அவர் எழுந்த வேகத்தில் தெரிந்தது.

"இன்னா பாப்பா, இன்னா சொன்னாங்க?"

"தள்ளி வச்சிட்டாங்கப்பா."

"தள்ளிட்டாங்களா?"

நடுவில் இருந்த அந்த 'வச்சி' அவர் காதில் விழவில்லை. பேருந்து கிளம்பும் சத்தம் காரணம் என்று அன்று டைரியில் எழுதியிருக்கிறேன். அது பாதிக் காரணம். மீதிக் காரணம், எங்கள் பக்கத்தில் அப்போது 'தள்ளிட்டாங்க' என்றால் ஒரே பொருள்தான் இருந்தது. முந்தைய வருடம்தான் விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அப்பா வேலைக்குப் போன கொல்லைக்காரர்கள் எல்லோருக்கும் கடன் போயிற்று. எங்களுக்குக் காணியும் இல்லை, அதன்மேல் கடனும் இல்லை, தள்ளுவதற்கும் ஒன்றும் இல்லை. தள்ளுபடி ஆனவர்களின் பட்டியலை ஒட்டியிருந்த சுவரருகே அப்பா நின்று, யார் யாருக்குப் போயிற்று என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைசிப் பெயர்வரை கேட்டார்.

"ஆமாம்பா" என்றேன். வீட்டுக்குப் போய் விளக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் அதற்குள் பெஞ்சின் பக்கம் திரும்பிவிட்டார். பாப்பா கடனைத் தள்ளிவிட்டார்கள் என்று சொல்லி ஐந்து பேருக்கும் டீ சொன்னார். கடைக்காரர், அப்படியானால் இவர் என் கடையில் வைத்த பாக்கியையும் எந்த ஆபீசில் எழுதிக் கொடுத்தால் தள்ளுவார்கள் என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அன்று பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தார்.

வீடு பத்து நிமிட நடை. வழியெல்லாம் அவரே பேசினார். "காணி வச்சிருக்கறவன் மட்டுந்தான் கவுர்மெண்டு கண்ணுல படுவான்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். நான் அவருக்கு ஒரு அடி பின்னால் நடந்தேன்.

அன்று மாலை அம்மா வந்ததும் அப்பா சொன்னது இதுதான்: இந்த வருடம் ஆடியில், வெட்டுக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கப் போவதில்லை, கரும்பு வெட்டுக்குப் போவதில்லை.

அதைக் கேட்ட பிறகு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஒவ்வொரு வருடமும் கரும்பு அரவை தொடங்கும்போது மேஸ்திரியின் கூட்டத்தோடு வேறு மாவட்டங்களுக்குப் போய், கொல்லையிலேயே குடிசை போட்டு, நான்கைந்து மாதம் வெட்டிவிட்டு வருவார். முந்தின பருவம் முடிந்து வந்தபோது லாரியிலிருந்து அவரால் இறங்க முடியவில்லை. பின்பக்கமாகத் திரும்பி, பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி நின்றார். வலது முழங்கால் பனங்காய்போல வீங்கியிருந்தது. அப்படியிருந்தும் இந்த ஆடியிலும் அட்வான்ஸ் வாங்கித்தான் என் முதல் தவணைகளைக் கட்டுவதாக இருந்தார். உண்மையைச் சொன்னால், வட்டி ஏறுகிறதே என்று அடுத்த நாளே மேஸ்திரி வீட்டுக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் போகமாட்டார். அதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டால் அவருக்கு எதுவும் தெரியவே வேண்டாம்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரி: 'நாளை சொல்ல வேண்டும்.' இதே வரி அடுத்த பதினோரு நாட்களும் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இல்லை.

அப்பா உள்ளூரிலேயே வேலைக்குப் போனார். வரப்பு வெட்டுவது, மரவள்ளிக்குக் குழி போடுவது என்று வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஆவணியில் முழங்கால் வீக்கம் வடிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சவரம் செய்துகொண்டார். எனக்குத் தெரிந்து அவர் அப்படி இருந்ததில்லை. நான் வாரம் ஒருமுறை சங்கராபுரம் போய், பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு உட்கார்ந்து, கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பம் அனுப்பினேன். அனுப்பியவற்றுக்கு வரிசை எண் போட்டிருந்தேன். பதில் வந்ததைக் குறிக்க வலது ஓரத்தில் ஒரு கட்டம் விட்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அவருடைய பழைய ஜோடி இருந்தார். கரும்பு வெட்டில் ஒருவர் வெட்டுவார், ஒருவர் கட்டுக் கட்டுவார். இருவரும் சேர்ந்துதான் ஒரு ஜோடி, கூலியும் ஜோடிக்குத்தான். ஒன்பது பருவம் அப்பாவும் அவரும் ஜோடியாக இருந்தார்கள். நான் அவரை மாமா என்பேன். அவர் மகன் டிப்ளமோ படித்துவிட்டுத் திருப்பூரில் வேலையில் இருந்தான். அவன் வாங்குவது அவன் சாப்பாட்டுக்கே போதாது என்று, அவன் படிப்புக் கடனுக்கு மாமாதான் புளி, கடுக்காய் விற்று மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் அப்பா நிறுத்தச் சொல்லப் போனார்.

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைவுகளில் ஏறும்போது எனக்கு வாந்தி வந்தது. மலை வண்டி பழக்கமில்லை என்று அப்பா எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

மாமா எங்களைப் பார்த்ததும், சமவெளியிலிருந்து கீநாட்டுக்காரர் மலையேறி வந்துவிட்டார், இன்றைக்கு மழை நிச்சயம் என்றார். அப்பா, மலைக்காரர் வாயில் மழை வந்தாலும் சரி, நான் கொண்டுவந்த சேதி நனையாது என்றார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிடும்போதே அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். படிப்புக் கடனைத் தள்ளுகிறார்கள். எழுதிக் கொடுத்தால் போதும். பாப்பா எழுதிக் கொடுத்தது, தள்ளிவிட்டார்கள். இனி ஒரு பைசா கட்டாதே.

மாமா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மெய்தானா பாப்பா?"

"எழுதிக் குடுத்தா கேப்பாங்க மாமா" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. பேருந்தில் வரும்போதே இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று யோசித்துத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மகனுக்கு வேலை இருக்கிறது, ஆகவே தள்ளி வைக்கக்கூட மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் அவர் தாள் கொண்டுவந்தபோது அவர் மகன் பெயருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தவணையைத் தள்ளி வைக்க வேண்டுகிறோம் என்று சரியாகத்தான் எழுதினேன். அப்பா இல்லாத ஐந்து நிமிடம் கிடைத்தால் மாமாவிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அப்பா அவர் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. மூன்றரை வண்டிக்கு இறங்கிவிட்டோம். மகனின் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கி வந்தேன்.

அந்த எண்ணை மூன்று முறை அழைத்தேன்: ஆகஸ்ட் 10, 11, 14. எடுக்கவில்லை. நான்காவது முறை அழைக்கவில்லை. நடந்ததில் எதையும் மறக்காமல் எழுதி வைத்ததில் எனக்குக் கிடைத்தது இதுதான். அழைக்காத நாட்களையும் என்னால் எண்ணிவிட முடியும்.

மாமா அந்த விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்தாராம். வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று அப்பாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் அவர்கள் எதுவும் சொல்லாததை, ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து கட்டுவதை நிறுத்தினார்.

அக்டோபர் 22, வியாழக்கிழமை, பதினொன்றே முக்காலுக்குத் தபால்காரர் சென்னைக் கம்பெனியின் உறையைக் கொடுத்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு பத்தி. தற்போதைய சூழலில் தங்களுக்கு அளித்த பணி உத்தரவைத் திரும்பப் பெறுகிறோம். படித்துவிட்டு டைரிக்குள் வைத்தேன். கம்பெனிக்காரன் ஏதாவது எழுதினானா என்று அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பார். இன்னும் இல்லை என்று அதன் பிறகும் சொன்னேன்.

டிசம்பரில் ஆறு மாதம் முடிந்தது. மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும், மறுபடி ரேகை வேண்டும். 14ஆம் தேதி காலை மைப்பெட்டியோடு அப்பாவிடம் போனேன். இது எதற்கு என்று கேட்டார். தள்ளியதற்குக் கணக்கு முடிக்கிறார்கள் என்றேன். ஜூன் மாதம் நான் செய்தது, அவர் தவறாகக் கேட்டுக்கொண்ட ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டது. இது அப்படியல்ல. முழுப் பொய். அவர் விரலை மையில் அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைத்தார். விரல் நகர்ந்துவிட்டதா, சரியாக விழுந்ததா என்று கேட்டார். சரியாக விழுந்தது.

அந்தக் கடனை நான் முடித்தது 2017இல். சம்பளத்தில் பிடித்து, ஒரு மாதமும் விடாமல். முடித்த அன்று அப்பாவிடம் சொன்னேன். ரசீதை வேறு யாரிடமாவது காட்டி வாங்கிக்கொண்டாயா என்று மட்டும் கேட்டார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார். 2010 ஜனவரிக்குப் பிறகு, அவர் இருந்தவரைக்கும் எந்தத் தாளையும் என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. ரேஷன் கடைச் சீட்டைக்கூட டீக்கடைக்காரரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொன்னார்.

2010 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. பொங்கல் முடிந்து நான்கைந்து நாள். அம்மா வேலைக்குப் போயிருந்தார். அப்பா ஆட்டுக்கொட்டகைக்குக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். பதினொன்றே காலுக்கு மாமா வந்தார். எப்போதும் தெருமுனையிலிருந்தே ஏதாவது கேலி சொல்லிக்கொண்டு வருகிறவர், அன்று சத்தமில்லாமல் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

அவர் மகளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. மலையிலிருந்து நேரத்துக்கு இறக்க முடியாது என்று, முன்னாலேயே கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டில் தங்க வைத்து ஆஸ்பத்திரி பார்ப்பதாக ஏற்பாடு. அதற்காகக் கன்றுக்குட்டி விற்ற பணத்தை வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். முந்தின நாள் எடுக்கப் போனால் கணக்கில் ஒன்றுமில்லை. கட்டாமல் விட்ட ஐந்து தவணைக்கு எடுத்துக்கொண்டோம் என்றார்களாம். கடனைத்தான் தள்ளிவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார். அவர் கொடுத்த விண்ணப்பத்தையே காகிதக் கட்டிலிருந்து உருவி எடுத்து அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"தள்ளி வெக்கத்தான் எழுதிக்கீது, தள்ளச் சொல்லி எழுதல, மகனுக்குத்தான் வேல கீதே, அதுவும் ஆவாதுன்னாங்க. அப்பறம் ஒனக்கு மட்டும் எப்பிடிண்ணே தள்ளுனாங்க?"

அவர் குரலில் சந்தேகம் இல்லை. எங்கே தவறு செய்தோம் என்று கேட்டுப் போக வந்திருந்தார்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கினார். கீற்றுத் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, பாப்பா, நம்ம காகிதத்தை எடுத்துவந்து மாமாவுக்குப் படித்துக் காட்டு என்றார். நம்முடையது எப்படி எழுதியது என்று தெரிந்தால் அதே மாதிரி அவருக்கும் எழுதிவிடலாம் என்றும் சொன்னார்.

பெட்டியிலிருந்து இரண்டு கடிதங்களையும் எடுத்துவந்தேன். ஜூன் மாதத்தது ஒன்று, டிசம்பர் மாதத்தது ஒன்று. நின்றுகொண்டே தேதியிலிருந்து ஆரம்பித்துப் படித்தேன். ஆறு மாதத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது. இக்காலத்துக்கான வட்டி அசலோடு சேர்க்கப்படும். இணைக் கடன்தாரர் இடது பெருவிரல் ரேகை. எதையும் விடாமல் படித்தேன். அரைகுறையாகப் படித்தால் மறுபடி படிக்கச் சொல்வார் என்று தெரியும்.

ஆடு ஒன்று கீழே கிடந்த பழைய கீற்றை இழுத்துக்கொண்டிருந்தது. மாமாதான் அதை விரட்டினார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாய மூடிக்கினு இருந்திருப்பனே பாப்பா" என்றார். பிறகு, "மலயேறிப் போயி சொல்லிட்டு வந்தனே" என்றார்.

பிள்ளை பயந்துவிட்டது, விடுண்ணே என்று மாமா எழுந்தார். அப்பா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். சோறு போடச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வரும்போது நான்கு நாற்பது. அரவைப் பருவம் நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரியின் கூட்டத்தில் ஒரு ஜோடி உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்துவிட்டதால் ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். அப்பா அட்வான்ஸ் வாங்கி வந்திருந்தார். அதை எண்ணாமல் அப்படியே மாமா மடியில் வைத்தார். மாமா இரண்டு முறை திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் முறை மகளின் பிரசவத்தைச் சொல்லி அப்பா அதட்டியதும் வாங்கிக்கொண்டார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அட்வான்ஸ் ஜோடிக்கு. அம்மாவும் போவதென்று முடிவாயிற்று. அம்மா அரிசி, மிளகாய்த்தூள், இரண்டு போர்வை என்று மூட்டை கட்டத் தொடங்கினார். அப்பாவின் முழங்காலுக்குச் சுற்ற ஒரு பழைய சேலையைக் கிழித்து நீளத்துண்டாக மடித்து மேலே வைத்தார். லாரி விடிந்து ஆறரைக்கு.

அம்மாவுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கட்டுக் கட்டுவது எனக்குக் கற்றுக்கொள்ள முடியாத வேலை இல்லை என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நீ வந்துட்டா, கம்பெனிக்காரன் கூப்புட்டு எழுதுனா வாங்க வூட்ல ஆரு இருப்பா?"

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. என் சொல்லை நம்ப முடியாமல் போன பிறகும், அந்தக் கம்பெனியின் சொல் ஒன்று அவருக்குப் பாக்கி இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் லாரி ஏறப் போகிறார் என்று புரிந்தது. அன்று டைரியில் தேதியை மட்டும் எழுதினேன்.

மறுநாள் நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பாயைச் சுருட்டவில்லை, முகம் கழுவவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்தியைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்து, கம்பெனிக் கடிதம் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதியே வந்துவிட்டது, வேலை இல்லை என்று எழுதிவிட்டார்கள், அதையும் நான் உங்களிடம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன்.